நீங்க எழுதுன கோட் யாருக்குச் சொந்தம்?

ஃப்ரீலான்ஸா ஒரு கடைக்கு பில்லிங் ஆப் செஞ்சு தர்றீங்க. அந்த கோட் யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்தவருக்குத்தான்னு நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வேற மாதிரி சொல்லுது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை கம்பெனிக்கு. வெளியிலிருந்து காண்ட்ராக்டில் எழுதினால், முதல் உரிமையாளர் எழுதியவரே. அந்த உரிமையை மாற்றித் தர, அவர் கையெழுத்திட்ட பத்திரம் வேணும், வாய்ப்பேச்சு செல்லாது. அதில் காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்தான், இடம் குறிப்பிடலைன்னா இந்தியா மட்டும்தான்.

அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு வரி சேருங்க: முழுப் பணமும் வந்த பிறகே உரிமை மாறும்; நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த லைப்ரரி என்னுடையதே, வாடிக்கையாளர் பயன்படுத்திக்கொள்ளலாம். இல்லாட்டி, நீங்க எழுதுன லாகின் பக்கத்தையே அடுத்த ப்ராஜெக்ட்டுல நீங்க தொட முடியாமப் போகலாம்.