கறிக்கோழிக்குள் எரியும் குட்டி அடுப்புகள்! கடைசி வாரச் சாவுக்கு என்ன காரணம்?

கம்பம், சின்னமனூர், போடி, தேனி. எந்த ஊர்க் கறிக்கடைக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

"ஏண்ணே, நாப்பது நாள்ல ரெண்டு கிலோ வந்துருதே, ஊசி போட்டுத்தானே வளக்குறாக?"

"ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. ரகம் அப்படி. தோலோட வெட்டவா, உரிச்சிரவா?"

கடைக்காரர் சொல்வதுதான் சரி. ஒரு கொட்டகையில் 5 ஆயிரம் கோழி கிடக்கும். அத்தனையையும் பிடித்துப் பிடித்து ஊசி போட ஆள் கூலி கொடுத்தே பண்ணைக்காரர் ஓட்டாண்டி ஆகிவிடுவார். குஞ்சுப் பருவத்தில் கண்ணிலும் தண்ணீரிலும் விடும் சொட்டு மருந்து, வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய்க்கான தடுப்பு மருந்து. கோழியை ஊத வைக்கும் மருந்து அல்ல.

அப்படியானால் இந்த வளர்த்தி எங்கிருந்து வந்தது?

கனடாவில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். 1957-ம் ஆண்டு ரகம், 1978-ம் ஆண்டு ரகம், 2005-ம் ஆண்டு ரகம் ஆகிய மூன்று கோழிகளையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ம் நாள் தராசில் ஏற்றினார்கள். 1957 ரகம் 905 கிராம். 1978 ரகம் 1,808 கிராம். 2005 ரகம் 4,202 கிராம்! 2014-ல் இந்தக் கணக்கு வெளியானது. தீவனம் ஒன்றுதான். தலைமுறை தலைமுறையாகப் பெருத்த கோழியையே பொறுக்கி இணை சேர்த்ததன் பலன் இது.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் கறி வாங்குகிறவர் அல்ல; கோழி வளர்க்கிறவர்.

கடைசி வாரம்

கம்பம் பள்ளத்தாக்கில் தென்னந்தோப்புக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே நீளமான கோழிக் கொட்டகைகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்புதான். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, கரண்டு, தண்ணீர், உழைப்பு பண்ணைக்காரர் பொறுப்பு. கோழியை லாரியில் ஏற்றியதும் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. எத்தனை கிலோ தீவனம் தின்று எத்தனை கிலோ கறி வந்தது, எத்தனை கோழி செத்தது என்று பார்த்துத்தான் அந்தக் கூலி கூடும், குறையும்.

குஞ்சு செத்தால் சின்ன நட்டம். 35-ம் நாள் செத்தால்? அது அதுவரை ஏறத்தாழ 3 கிலோ தீவனம் தின்று தீர்த்திருக்கும். 50 கோழி போனால் 150 கிலோ. முழுசாக 3 மூட்டை தீவனம் குழிக்குள் போகிறது!

அந்தச் சாவும் விசித்திரமானது. நோயில் படுத்த கோழியாக இருக்காது. கொழுகொழுவென்று, கூட்டத்திலேயே பெரிய கோழி திடீரென்று சிறகடித்துத் துள்ளி மல்லாந்து விழும். இன்னொரு வகையும் உண்டு. வயிற்றில் நீர் கோத்து, கொண்டை நீலம் பாய்ந்து, மூச்சு வாங்கி மடியும். "நல்லாத் தின்னுட்டு நின்ன கோழிப்பா" என்று பண்ணைக்காரர் தலையில் கை வைப்பார்.

நன்றாகத் தின்றதுதான் பாதிக் காரணம்.

குட்டி அடுப்பு

கோழியின் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. அந்தச் செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அடுப்புகள் எரிகின்றன. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். நமக்கும் உண்டு. தின்ற மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் விறகு. மூச்சில் இழுத்த பிராணவாயு காற்று. இரண்டையும் சேர்த்து எரித்து உடம்புக்குச் சக்தி தருவது இந்த அடுப்புகள். உடம்புக்குள் போகும் பிராணவாயுவில் 100-க்கு சுமார் 90 பங்கை இவையே தீர்த்துவிடுகின்றன.

கறிக்கடையிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். கோழியின் தொடைக்கறி சற்றுச் சிவப்பு. நெஞ்சுக்கறி வெளுப்பு. நாள் முழுக்க நிற்கிற, நடக்கிற தொடையில் இந்த அடுப்புகள் அதிகம். அதற்குப் பிராணவாயுவைப் பிடித்துக் கொடுக்கும் சிவப்புப் பொருளும் அதிகம். பறக்காத கோழியின் நெஞ்சில் இரண்டுமே குறைவு. இன்றைய பிராய்லரில் அதிகமாகப் பெருத்திருப்பது எது? அடுப்பு குறைந்த அந்த நெஞ்சுதான்.

ஒரு வேடிக்கை. இந்த அடுப்பு தாய்வழிச் சீதனம். முட்டை வழியாகப் பெட்டைக்கோழி கொடுப்பது மட்டும்தான் குஞ்சுக்கு வரும். சேவல் எவ்வளவு ஜம்பமான ரகமாக இருந்தாலும் இதில் அதற்குப் பங்கு கிடையாது!

புகை

விறகடுப்பில் சமைத்தவர்களுக்குத் தெரியும். காற்று போகாமல் விறகைத் திணித்தால் அடுப்பு எரியாது, புகையும். கோழிக்குள்ளும் அதே கதைதான். எரிப்பு சரியாக நடக்காதபோது பிராணவாயுவில் ஒரு பகுதி உடம்பை அரிக்கும் வேகப் பொருளாக மாறிவிடுகிறது. அந்தப் புகை முதலில் கெடுப்பது அடுப்பையே. அடுப்பு கெட்டால் இன்னும் புகை. இப்படியே வட்டம் சுற்றும்.

அமெரிக்காவில் அர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் பாட்ஜி குழுவினர் 2002-ல் இதைக் காட்டினார்கள். ஒரே ரகக் கோழி, ஒரே தீவனம். ஆனாலும் சில கோழி தின்றதைக் கறியாக்கியது. சில கோழி தின்றதை வீணாக்கியது. வீணாக்கிய கோழியின் தசையிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவை எடுத்துப் பார்த்தால் அங்கே கசிவு அதிகம், புகை அதிகம்.

பண்ணைக்காரர் கூலிச் சீட்டில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருகிற தீவனக் கணக்கின் ஒரு பகுதி இந்தக் குட்டி அடுப்பில்தான் எழுதப்படுகிறது.

வயிற்றில் நீர் கோக்கும் கோழியையும் அதே பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். அங்கேயும் அடுப்புக் கோளாறுதான். கெட்ட அடுப்பு அதே வேலைக்கு அதிகப் பிராணவாயு கேட்கும். உடம்பு பெருத்த வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் பெருக்கவில்லை. சின்ன நுரையீரலுக்குள் இதயம் ரத்தத்தை முட்டி முட்டித் தள்ளும். கடைசியில் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகும். ஈரலிலிருந்து கசிந்த நீர் வயிற்றில் தேங்கும். காற்று மெலிந்த ஆண்டிஸ் மலைநாடுகளில் இந்தச் சாவு முதலில் பேசப்பட்டது. பிறகு சமவெளிப் பண்ணைகளுக்கும் வந்துவிட்டது.

அக்னியும் ஆடிக்காற்றும்

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் வெயிலில் நீர்மோருக்கு அலைவார்கள். கோழிக்கு அதுவும் வழியில்லை. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி. வாயைத் திறந்து இரைப்பதுதான் அதன் ஒரே விசிறி.

ஜப்பானில் தோஹோக்கு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் கறிக்கோழியையும் முட்டைக்கோழியையும் சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். கறிக்கோழியின் தசை அடுப்புகளில் புகை ஏறியது. முட்டைக்கோழியில் அப்படி ஏறவில்லை. இந்த அடுப்புக்குப் புகைபோக்கி மாதிரி ஒரு புரதம் உண்டு. வெக்கையில் கறிக்கோழிக்கு அது குறைந்துபோகிறது என்பதையும் பிறகு கண்டார்கள். எரிகிற அடுப்பில் புகைபோக்கியை அடைத்த கதை!

சரி, ஆடி வந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. மேற்கு மலையிலிருந்து காற்றும் சாரலும் பள்ளத்தாக்கில் இறங்கும். குளிர்ந்தால் உடம்பைச் சூடாக வைக்க அடுப்பு கூடுதலாக எரிய வேண்டும். அதற்கு அதிகப் பிராணவாயு வேண்டும். இந்த நேரத்தில்தான் பண்ணைக்காரர் குளிருக்குப் பயந்து படுதாவை அடியோடு இறக்கிவிடுவார். உள்ளே எச்சத்தின் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். காற்று கேட்கிற கோழிக்குக் காற்றையே அடைத்தால் என்ன ஆகும்?

மூட்டைக்குள் என்ன?

தீவனத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் புகையை அடக்கும் சரக்கு. செலினியம் தூசி அளவு போதும். ஆனால் அது இல்லாமல் முடியாது. கொழுப்பை விடப் புரதம் செரிக்கும்போது சூடு அதிகம். அதனால் கோடையில் தேவைக்கு மேல் புரதம் போட்டால் கோழிக்கு இன்னும் வெக்கை.

தோஹோக்கு குழு 2009-ல் தீவனத்தில் ஆலிவ் எண்ணெய் கலந்து கொடுத்தது. சூட்டில் வைத்தபோது புகை குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் நல்லெண்ணெய்க்கே யோசிக்கிற வீட்டில் கோழிக்கு ஆலிவ் எண்ணெய் யார் ஊற்றுவது?

எதிரியும் மூட்டைக்குள் வரலாம். ஈரம் காயாத மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழி செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிந்தது. அவை தின்றது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. இது ஈரலையும் அங்குள்ள அடுப்புகளையும் கெடுக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. முதல் மூன்று வாரத்துக்குள் சில நாள் தீவனத்தைக் கொஞ்சம் குறைத்தால் வளர்ச்சியின் வேகம் மட்டுப்படும். இதயமும் நுரையீரலும் உடம்போடு சேர்ந்து வளர அவகாசம் கிடைக்கும். நீர் கோக்கும் சாவு குறையும். பிறகு விட்ட எடையைக் கோழி பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்த வழி இது. ஆனால் எடைக்குத்தானே கூலி? கோழியைப் பசி போட எந்தப் பண்ணைக்காரருக்குத் துணிச்சல் வரும்? சூப்பர்வைசர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

பண்ணைக்காரர் கையில்

இங்கேதான் வயிற்றெரிச்சல். ரகத்தைத் தேர்ந்தெடுப்பது அவர் அல்ல. தீவனத்தில் என்ன கலப்பது என்று முடிவு செய்வதும் அவர் அல்ல. சாவு மட்டும் அவர் கணக்கில் ஏறுகிறது. வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கேட்டுத் தமிழ்நாட்டுப் பண்ணைக்காரர்கள் போராடியதில் இந்த ஆதங்கமும் சேர்ந்ததுதான்.

அவர் கையில் மிஞ்சுவது காற்றும் தண்ணீரும் நேரமும்தான். கோடையில் உச்சிப்பொழுதில் தீவனத் தட்டைத் தூக்கிவிட்டு, விடியலிலும் சாயங்காலத்திலும் வைத்தால் தின்ற சூடும் வெயில் சூடும் ஒன்றாகச் சேராது. குழாய்த் தண்ணீர் வெயிலில் கொதிக்காமல் நிழலில் வர வேண்டும். ஆடியில் படுதாவின் மேல்பக்கம் ஒரு முழமாவது திறந்திருக்க வேண்டும். பூஞ்சை வாடை அடிக்கிற மூட்டையைப் பிரிக்காமல் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பலாம். அடிக்கடி கோழி மல்லாந்து விழுந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போகலாம். தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அறுத்துப் பார்த்தால் இதயமா, நீரா, நோயா என்று தெரிந்துவிடும்.

கறி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சுக்கறியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடினாலோ, கட்டை மாதிரி விறைத்திருந்தாலோ பயப்பட வேண்டாம். அதுவும் அவசர வளர்த்தியின் அடையாளம்தான், தொற்றுநோய் அல்ல. சவைக்கக் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். தொடைக்கறி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ராத்திரி 2 மணிக்குக் கோழி ஏற்ற லாரி வரும். அதுவரை பண்ணைக்காரர் டார்ச் லைட்டோடு கொட்டகைக்குள் நடந்துகொண்டே இருப்பார். லாரி வருகிற நேரத்திலும் இரண்டு கோழி மல்லாந்து கிடக்கும்.