முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

டெட்ராய்ட் நகரத் தெருக்களுக்குக் கீழே, ஏறக்குறைய 350 மீட்டர் ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடல் விட்டுப்போன உப்பு. அதை இன்றும் வெட்டி எடுக்கிறார்கள். பெரும்பாலும் பனிக்காலச் சாலைகளில் கொட்டுவதற்காக. மேலே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் லட்சக்கணக்கில் வண்டி செய்த ஊர், கீழே அந்த வண்டிகளைத் தின்னும் சரக்கு. கதையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் ரொம்பத்தான் இட்டுக்கட்டியிருக்கிறார் என்று சொல்லியிருப்போம்.

1925இல் ஃபோர்டு தன் மாடல் டி காரின் பின்பக்கத்தில் ஓர் இரும்புத் தொட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அன்று தொடங்கி அமெரிக்காவில் பிக்கப் என்பது வைக்கோலும் செங்கல்லும் ஏற்றுகிற வண்டியாக மட்டும் இல்லாமல், ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆகிவிட்டது. நாற்பது ஐம்பது வருடத்துப் பிக்கப்புகளைத் தேடி வாங்கி, வாரக் கடைசிகளில் பிரித்துப் பூட்டிச் சீராக்குகிறவர்கள் அங்கே ஏராளம். இவர்களில் புதியவரையும் பழகியவரையும் பிரித்துச் சொல்வது சுலபம். புதியவர் பானெட்டைத் திறப்பார், எஞ்சினை முடுக்கச் சொல்வார், அதன் உறுமலில் சொக்கிப்போவார். பழகியவர் ஒரு டார்ச் லைட்டையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார்.

எஞ்சினைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் 1965 முதல் 1996 வரை உற்பத்தியில் இருந்தது. செவ்ரோலேயின் சிறிய வி8 பிறந்தது 1955இல். அந்த வரிசையின் பத்துக் கோடியாவது எஞ்சின் 2011இல் வெளிவந்தது. இவற்றுக்குப் பிஸ்டனோ கேஸ்கட்டோ கிடைக்காமல் போகாது. ஆனால் எஞ்சினும் கேபினும் தொட்டியும் உட்கார்ந்திருப்பது நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்களின் மேல். சேசிஸ் என்று நாம் சொல்கிற அந்தச் சட்டம் அரித்துப்போயிருந்தால், மேலே என்ன இருந்தும் பயனில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: பழைய பிக்கப் வாங்குபவர் வாங்குவது வண்டியை அல்ல, மிச்சமிருக்கும் இரும்பை.

அது எங்கே மிச்சமிருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கணிக்க ஒரு துளி உப்புநீர் உதவும். கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920களில் பிரபலமாக்கிய சோதனை அது. பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருக்கும். ஒன்று பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த பினால்ஃப்தலீன். காரத்தன்மை உண்டாகும் இடத்தில் அது இளஞ்சிவப்பாகும். மற்றது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. இரும்பு கரையும் இடத்தில் அது நீலமாகும். சற்று நேரம் காத்திருந்தால் துளியின் நடுவில் நீலம் தெரியும், விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு. இரண்டுக்கும் இடையே பழுப்பாக ஒரு துரு வளையம்.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் காற்று தாராளமாகக் கிடைக்கும் விளிம்புதானே முதலில் அரிபட வேண்டும்? நடப்பது நேர்மாறு. விளிம்பில் நீர் மெல்லிசு. ஆக்சிஜன் சுலபமாக உள்ளே வந்து, எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடாகிறது. அந்த எலக்ட்ரான்கள் வரும் இடம், ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதி. அங்குள்ள இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை உலோகத்தின் வழியே அனுப்பிவிட்டு, அயனிகளாக நீரில் இறங்கிவிடுகின்றன. ஒரு சொட்டுக்குள் முழு பேட்டரி! கரைந்த இரும்பும் ஹைட்ராக்சைடும் வழியில் சந்தித்து, மேலும் ஆக்சிஜன் ஏற்றுத் துருவாகப் படிகின்றன. ஆக, செலவழியும் இடம் ஒன்று, அழுக்குத் தெரியும் இடம் வேறொன்று.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டியைப் பாருங்கள். சக்கர வளைவுக்குள் அப்பிய சேறு, இரண்டு தகடுகள் மடித்துச் சேர்ந்த இடுக்கு, கேபினின் கீழ்மூலை, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம், ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டின் பின்புறம். காற்று நுழையாத, ஈரம் காயாத இடங்கள். அத்தனையும் எவன்ஸ் துளியின் நடுப்பகுதிதான். திறந்த வெளியில் செம்மண் நிறமாகத் தெரியும் மேல்துரு பெரும்பாலும் பயமுறுத்தல். மூடிய இடத்தில் நடப்பதுதான் நிஜமான சேதம். அழிந்த இரும்பைவிட விளைந்த துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். ஆகவே, கோயில் மதிலில் வேர்விட்ட அரசங்கன்று கல்லைப் பிளப்பது போல, இடுக்கில் வளரும் துரு தகடுகளைப் பிரித்துத் தள்ளுகிறது. பிரிந்த இடத்தில் இன்னும் நீர் புகும்.

உப்பின் வேலை இங்கே இரண்டு. நீரில் மின்னோட்டம் தடையின்றி ஓட வைக்கிறது. இரும்பின் மேல் உருவாகப் பார்க்கும் காப்புப் படலத்தை அதன் குளோரைடு குலைக்கிறது. போதாக்குறைக்குக் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. சாதா உப்பு நீர்த்துப்போகக் காற்றில் 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். சாலைகளில் தெளிக்கப்படும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழை பெய்யாத நாளிலும் அடிப்பகுதி ஈரமாகவே இருப்பது அதனால்தான். இன்னொரு வேடிக்கை: பனியில் ஓட்டிவந்த வண்டியைச் சூடேற்றிய கராஜில் அன்போடு நிறுத்துகிறவர், வெளியே உறையவிடுகிறவரைவிட வேகமாக அதைத் துருவுக்குக் கொடுக்கிறார். உறைந்த சேறு சும்மா கிடக்கும். உருகிய சேறு வேலை செய்யும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இது தப்பவில்லை. டகோமா பிக்கப் உள்ளிட்ட சில வண்டிகளின் சேசிஸ் அரிப்பு வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே டொயோட்டா 2016இல் சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள். செலவு 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள்.

விற்பவர்கள் இந்தச் சேதத்தை மறைக்கும் விதம் நம்மூர் டிங்கரிங் பட்டறைக்காரர்களுக்கு அத்துப்படி: ஓட்டையில் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடிப்பது. பட்டிக்குக் காந்தம் ஒட்டாது. ஆகவே மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும். கதவின் கீழ்விளிம்பில் அது வழுக்கி விழுந்தால் விலையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. சேசிஸை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்றால் சரி, மொத்தென்றால் முனையால் குத்திப் பார்க்கலாம்.

காசு கொஞ்சம் கூடக் கொடுத்து அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்து வண்டியை வாங்குவதே என் கட்சி. அங்கே டூசான் நகரத்துப் பாலைவெளியில் அமெரிக்க விமானப்படை ஆயிரக்கணக்கான பழைய விமானங்களைத் திறந்தவெளியில் நிறுத்தி வைத்திருப்பது அந்த வறட்சியை நம்பித்தான். வெயில் டேஷ்போர்டை வெடிக்கவைத்திருக்கும், ரப்பர் குழாய்களைக் கருவாடாக்கியிருக்கும். போகட்டும், எல்லாம் கடையில் கிடைப்பவை.

சீரமைக்கத் தொடங்கினால் முதல் பகை போல்ட்டுகள். துரு உப்பி இறுகிய நட்டை முறுக்கினால் போல்ட் முறியும். காஸ் டார்ச்சால் நட்டைச் சூடாக்கினால், அதன் துளை சுருங்காது, விரியும். 12 மில்லிமீட்டர் துளை 500 டிகிரி சூடேறினால் 0.07 மில்லிமீட்டர் அகலும். துருப் பிடிப்பு உடைய அது பெரும்பாலும் போதும்.

கழற்றிய சிறு பாகங்களுக்கு எவன்ஸின் பேட்டரியைத் திருப்பி ஓட்டலாம். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். துருப்பிடித்த பாகம் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில், வேண்டாத இரும்புத் துண்டு நேர்முனையில். எலக்ட்ரான்களைத் துருவுக்குள் வலுக்கட்டாயமாக அனுப்பும்போது அது இளகி உதிர்ந்துவிடும். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும். நேர்முனைக்கு எவர்சில்வர் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரையும். உள்ளே போட முடியாத இடங்களுக்குத் துருமாற்றி உண்டு. பலவற்றில் டானிக் அமிலம்தான் சரக்கு. துருவோடு சேர்ந்து கருப்புப் படலமாகும். கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாற்றின் மேல் இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் பட்டுக் கருப்பாவதும் இதே வேதியியல்தான்.

அதற்கு மேல் துத்தநாகம் கலந்த பிரைமர். துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுவிடுவதால், கீறல் விழுந்தாலும் முதலில் அதுவே கரையும். இந்த உபாயத்தை 1824இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கப்பல்களின் செப்புத் தகட்டில் முயன்றார். செம்பு கரையவில்லை. ஆனால் கரையும் செம்புதான் கடல் சிப்பிகளை விரட்டி வந்தது. சிப்பி அப்பிக் கப்பல்கள் மந்தமாகின.

கடைசியாகப் பெட்டிச் சட்டங்களின் உட்புறம். நீண்ட குழாயைத் துளை வழியே விட்டு மெழுகோ எண்ணெயோ பீய்ச்ச வேண்டும். நீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வைக்க வேண்டும். இந்த எண்ணெய்ப் பூச்சுக்குச் சான்று பல பழைய வண்டிகளிலேயே இருக்கும். எஞ்சின் வருடக்கணக்கில் ஆயில் கசிந்த வண்டியில், அதற்கு நேர் பின்னே உள்ள சேசிஸ் பகுதியின் பிசுக்கை வழித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே துரு இருக்காது. விற்பவர் அந்தக் கசிவுக்காகக் கூச்சப்பட்டு விலையைக் குறைத்தால், குறைக்கட்டும்.