வயலில் கிடந்த கப்பல்

பழைய வீடு வாங்கிப் பழுது பார்த்தவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். "ஓட்டை மாற்றப் போனேன், உத்தரமே மாறிவிட்டது!" என்பார்கள். வீட்டுக்கே இந்தக் கதி என்றால், அலையும் புயலும் மோதப் போகிற கப்பலுக்கு?

அமெரிக்காவில் ஜாஷுவா ஸ்லோகம் என்று ஒரு காப்டன் இருந்தார். பாய்க்கப்பல்களில் வளர்ந்து, அவற்றுக்கே தலைவரானவர். ஆனால் காலம் மாறிவிட்டது. நீராவிக் கப்பல்கள் வந்தன; பாய்க்கப்பல் காப்டன்களுக்கு வேலை இல்லை. 1892-ல் அவருக்கு வயது 48. அப்போது ஒரு பழைய நண்பர், "உனக்கு ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் ரிப்பேர் செய்ய வேண்டும்" என்றார்.

ஸ்லோகம் ஆவலோடு பேர்ஹேவன் என்னும் ஊருக்குப் போனார். கப்பல் எங்கே இருந்தது தெரியுமா? கடலில் அல்ல, வயலில்! சிப்பி அள்ளப் பயன்பட்ட கிழட்டுப் படகு ஒன்று, ஏழு வருஷமாக முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டு, கித்தான் போர்த்திக் கிடந்தது. பெயர் 'ஸ்பிரே'. நண்பர் வேடிக்கை செய்திருக்கிறார் என்று புரிந்தது. ஊராரோ, அதை உடைத்து விற்கத்தான் ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள்.

"உடைக்க அல்ல, கட்டத்தான்" என்றார் ஸ்லோகம். "கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார்கள். "ஆக்கிக் காட்டுகிறேன்" என்றார். வேறு போக்கிடம் இல்லாத மனிதரின் பதில் அது.

கோடரியோடு போய், பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் கருவாலி மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்தார். அதுவே கப்பலின் அடிக்கட்டை ஆயிற்று. இளமரங்களை நீராவிப் பெட்டியில் வேகவைத்து, இளகியதும் வளைத்து, விலா எலும்பு போன்ற வங்குகளாகப் பொருத்தினார். மேலே ஒன்றரை அங்குலக் கனத்தில் பைன் பலகைகள். பலகைக்குப் பலகை இடுக்கில் பஞ்சு நூலையும் அதன்மேல் சணல் நாரையும் இறுக அடித்தார். நம் ஆசாரிகள் 'கலப்பத்து' என்று சொல்லும் வேலை இதுதான். இதில் ஒரு முழம் சோம்பல் காட்டினால் நடுக்கடலில் தண்ணீர் உள்ளே வந்து விசாரிக்கும்! அடிப்பாகத்துக்குச் செம்பு வர்ணம் இரண்டு பூச்சு. மேலே வெள்ளை வர்ணம்.

ஆக மொத்தம் 13 மாத உழைப்பு. இடையிடையே கூலிக்கு வேறு கப்பல்களைச் செப்பனிட்டு வயிற்றைக் கழுவினார். சாமான்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். பழைய பலகை ஒவ்வொன்றாகப் போய்ப் புதியது வந்ததே, பிறகு இது பழைய ஸ்பிரேயா, புதிய ஸ்பிரேயா? அந்தத் தர்க்கத்தை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இனிப் பிரயாணச் சாமான்கள். யாரோ கழித்துப் போட்ட சிறு தோணி ஒன்றைக் குறுக்கே அறுத்து, பாதியை மேல்தளத்தில் வைத்துக்கொண்டார். கரை சேர அதுவே தோணி. துணி துவைக்க அதுவே தொட்டி! கடிகாரமோ, முகம் உடைந்ததால் விலை குறைந்து ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம். நல்ல கப்பல் கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பழுது பார்க்க 15 டாலர் கேட்டார்களாம். வேண்டாம் என்று விட்டுவிட்டார்!

1895 ஏப்ரல் 24-ந் தேதி பாஸ்டனிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பினார். இத்தனைக்கும் அவருக்கு நீந்தத் தெரியாது! தென் அமெரிக்காவின் மகெல்லன் ஜலசந்தியில் சூறைக்காற்று அவரைப் படாத பாடு படுத்தியது. ஆனால் ஸ்பிரே தாங்கியது. இந்து மகாசமுத்திரத்தில் சுக்கானைக் கட்டிவிட்டால் போதும், தானே வழி பிடித்து ஓடியது. 23 நாளில் 2,700 மைல் போனதில், தாம் சுக்கான் பிடித்தது மூன்று மணி நேரத்துக்கு மேல் இராது என்று அவரே எழுதியிருக்கிறார்.

1898 ஜூன் 27-ந் தேதி, 46,000 மைல் கடந்து, அமெரிக்கா திரும்பினார். பூமியைத் தனியே பாய்க்கப்பலில் சுற்றி வந்த முதல் மனிதர் அவர்தான்.

பின்னாளில் அதே ஸ்பிரேயில் கிளம்பிப் போனவர் திரும்பி வரவே இல்லை. கடல் கொடுத்ததைக் கடலே எடுத்துக்கொண்டது போலும்.

ஆனால் 1898-ல் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. திரும்பியதும் ஜூலை 3-ந் தேதி கப்பலை மீண்டும் பேர்ஹேவனுக்கே ஓட்டிச் சென்றார். முதன்முதல் தண்ணீரில் இறக்கியபோது அதைக் கட்டிவைத்த கட்டை கரையில் அப்படியே நின்றது. அதிலேயே ஸ்பிரேயைக் கட்டினார். "கட்டுப்படியாகுமா?" என்று கேட்ட ஊருக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?