குளிர்சாதனப் பெட்டி

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் கோடை வெயில் கடுமையானது. அங்கே பல இல்லங்களில் பாலையும், நீரிழிவு நோயாளருக்குரிய இன்சுலினையும் காப்பது குளிர்சாதனப் பெட்டியாகும்.

பெட்டி சாய்ந்து நின்றால் இரைச்சல் மிகும். கதவும் செவ்வனே மூடாது. ஆதலின் கொத்தனாரின் ரசமட்டத்தை அதன்மேல் குறுக்காக வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை முன்கால்களைத் திருகுதல் வேண்டும். முன்புறம் சிறிதே உயர்ந்திருப்பின் கதவு தானே மூடிக்கொள்ளும்.

குளிர் குறைந்தால், கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தல் நன்று. தாள் எளிதில் வந்தால் ரப்பர்ப் பட்டை தளர்ந்துள்ளது எனலாம். அவ்வழியே வெப்பக்காற்று உட்புகும்.

தொட்டறியும் குளிர்ச்சியை நம்பலாகாது. குவளை நீரில் வெப்பமானியை இட்டு, ஓர் இரவு உள்ளே வைத்துக் காலையில் காண வேண்டும். அது 2 முதல் 5 பாகை செல்சியசு காட்டுதல் நலம். மிகுந்தால் பால் விரைவில் கெடும். மிகக் குறைந்தால் இன்சுலின் உறைந்து பயனிழக்கும். உருகிய பின்னர் அது நல்ல மருந்தாகவே தோன்றலாம். ஆதலின் அளவறிந்து காத்தல் இல்லத்தார் கடமையாகும்.