விந்தில் ரத்தம் வந்தால்... எப்போது டாக்டரிடம் போகணும்?

போடி பக்கம் சிலமலையிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஒருவர் விந்தில் ரத்தத்தைப் பார்த்தால், வீட்டில்கூட வாய் திறக்க மாட்டார். ‘பல சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து’ங்கிற பழைய கணக்கு வேறு பயமுறுத்தும். லாட்ஜில் ரூம் போடும் வைத்தியர்களுக்கு அந்தப் பயம்தான் மூலதனம்.

உண்மையில் விந்துத் திரவத்தின் பெரும்பகுதி சுரப்பது விந்துப் பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும்தான். அங்கே கிருமித்தொற்று, வீக்கம், சின்ன ரத்தக்குழாய் கசிவு இருந்தால் நிறம் மாறும். புராஸ்டேட் பயாப்சி, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகும் வரலாம். சில வாரம் பழுப்பாகவே வரும். அது பழைய ரத்தம். துணையின் ரத்தமா என்பதை ஆணுறை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

40 வயதுக்குள், ஒரே ஒருமுறை, வேறு தொந்தரவு இல்லை என்றால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். திரும்பத் திரும்ப வந்தாலோ, 40-ஐத் தாண்டியவர் என்றாலோ, காய்ச்சல், வலி, விதைப்பையில் கட்டி, சிறுநீரில் ரத்தம் இருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் சொல்லணும். சிறுநீர் அடைத்துக்கொண்டால் உடனே கிளம்பணும்.

முதல் பரிசோதனைகள் சாதாரணமானவை: பிரஷர், சிறுநீர், வயதானவர்களுக்குப் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. நம்மூரில் காசநோயையும் பார்ப்பார்கள். போடி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். பெரிய சோதனை என்றால் க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.