காவிரியின் கடைக்கோடி

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி திருவரங்கத்தைத் தீவாக்கிப் பின் பல கிளைகளாக விரிந்து சோழவளநாட்டை ஊட்டுகிறது. அவ்வாற்றுப் படுகையின் தென்கோடியில், வேதாரண்யத்தை அடுத்துக் கடலை நோக்கி நீண்டு கிடப்பது கோடியக்கரை. திருச்சியில் வாழும் நாம் ஒருமுறையேனும் சென்று காணத்தக்க இடம் அது.

கோடிக்குழகரைப் பாடிய சுந்தரர், கடலருகே காட்டிடையே இறைவன் தனித்திருப்பதை எண்ணி வருந்தினார். அத்தனிமையே பின்னாளில் எண்ணற்ற உயிர்களுக்கு அரணாயிற்று. 1967இல் இப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

வைகறையில் புல்வெளியை அடைந்தால் வெளிமான் கூட்டத்தைக் காணலாம். சங்கநூல்கள் சுட்டும் இரலை இதுவே என்பர். கலைமானுக்குக் கரிய முதுகும் முறுக்கிய கொம்பும் உண்டு. பிணைமான் வெளிர்பழுப்பு நிறத்தது. புள்ளிமானும், மனிதர் கைவிட்டதால் காட்டுயிராகிவிட்ட குதிரைகளும் இங்கு மேய்கின்றன.

மழைக்காலம் தொடங்கியதும் சதுப்புநிலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். அவை உண்ணும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமியே அவற்றின் செந்நிறத்திற்குக் காரணம். சைபீரியாவிலிருந்து வரும் உள்ளான்களும் உடனிருக்கும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896-1987) இவ்விடத்தின் அருமையை உலகறியச் செய்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழித்தடங்களை ஆராய்ந்தனர். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய ஒரு குருவி எவ்வகையது என்று கேட்கச் சென்றதே அவரை அக்கழகத்திற்கு இட்டுச் சென்றது. வேட்டையில் தொடங்கிய அவ்வினா பாதுகாப்பில் முடிந்தது என்பது மாணவர் கருதத்தக்கது.

2002இல் இந்நிலம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாயிற்று. எனினும் இடர்கள் நீங்கவில்லை. சீமைக்கருவேல் பரவப் பரவ வெளிமானின் புல்வெளி சுருங்குகிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் பெருமரங்களைச் சாய்த்தது. இவற்றினும் ஆழமான கேடு, ஆறுகளின் வழியே வரும் நன்னீர் குறைவது. அது குறையின் சதுப்பில் உப்பு மிகும். மீனும் சிற்றுயிரும் குன்றும். அவற்றை நாடி வரும் பறவைகளும் அகலும்.

1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்க நடந்தனர். அன்று அவர்கள் உப்பை நாடிச் சென்றனர். இன்றோ அதே மண்ணில் உப்பு மிகாதிருக்க நாம் கவலைகொள்ள வேண்டியுள்ளது.

ஓடும் ஆற்றங்கரையில் இருப்பினும் ஒளுச் செய்கையில் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. மேல்நிலத்தில் நாம் காக்கும் நீர், நாம் காணாத கடைக்கோடியில் ஒரு பறவைக்கு இரையாகலாம். நீர் நமக்கு உடைமையன்று, அமானிதம். அதனை உணர்ந்து திரும்புவதே கோடியக்கரைப் பயணத்தின் பயனாகும்.