காதல் நாவல் வாசகிக்கு முதல் புத்தகக் காட்சி

வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் நிறைந்து, பொங்கல் விடுமுறைக்கு வெளியூர் வண்டிகள் வரிசைகட்டும் அதே சமயத்தில்தான் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சியும் நடக்கும். வேடந்தாங்கல், படாளம், மதுராந்தகம் பக்கத்திலும் எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்காக ரமணிசந்திரனும் முத்துலட்சுமி ராகவனும் எழுதிய காதல் நாவல்களைப் படித்து வருகிறார்கள். ஆனால் புத்தகக் காட்சி என்றதும், 'அதெல்லாம் பெரிய இலக்கியம் படிக்கிறவங்க போற இடம்' என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். அப்படி ஒதுங்கியிருக்கும் ஒரு வாசகி இந்தத் தை மாதம் கிளம்பிப் போவதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அமெரிக்காவில் காதல் நாவல்களுக்கென்றே மாநாடுகள் உண்டு. 'ரொமான்டிக் டைம்ஸ்' பத்திரிகை 1982இல் தொடங்கிய வாசகர் மாநாடு 2018 வரை நடந்தது. வாசகிகளும் எழுத்தாளர்களும் சில நாட்கள் ஒரே ஹோட்டலில் கூடி, பேசி, கையெழுத்து வாங்கிப் போவார்கள். தமிழில் அந்த மாதிரி தனி மாநாடு எதுவும் வேரூன்றவில்லை. அதற்காக நம் கூட்டம் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. அது புத்தகக் காட்சிக்குள்ளேயே பல அரங்குகளில் பரவிக் கிடக்கிறது. எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இது நேற்று வந்த வாசிப்பும் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தது காஞ்சிபுரம் பக்கத்து நீர்வளூரில். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம், அதாவது நம்ம மாவட்டம். பள்ளிக்கூடமே போகாத அவர் 115 நாவல்கள் எழுதினார். 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கி, வீட்டுக்குள் இருந்த பெண்கள் கைக்கே கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருக்குப் பிறகு டாக்டராக இருந்துகொண்டே எழுதிய லக்ஷ்மி வந்தார். 1984இல் அவருக்கு சாகித்ய அகாதமி விருதும் கிடைத்தது. அப்புறம் வந்தது மாத நாவல்களின் காலம். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய ராணி முத்துவையும் மாலைமதியையும் வாங்கித்தான் நம் அம்மாக்களும் சித்திகளும் படித்தார்கள். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது ரமணிசந்திரனின் கதையும் அதில் இடம்பெற்றது. இத்தனை நீண்ட வரிசையில் வருகிற வாசகி யாருக்கும் முன்னால் கூச்சப்பட வேண்டியதில்லை.

போகும் வழி சுலபம்தான். செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில். கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடித்தால் சின்னமலை, சைதாப்பேட்டை தாண்டி மூன்றாவது நிறுத்தம் நந்தனம். கவனிக்க வேண்டியது நேரம். வேலை நாட்களில் காட்சி மதியத்துக்கு மேல்தான் திறப்பது வழக்கம், விடுமுறை நாட்களில் காலையிலேயே திறந்துவிடுவார்கள். ராத்திரி ஊருக்குத் திரும்பியாக வேண்டியவர்களுக்கு விடுமுறை நாள் காலைதான் தோது. அன்று சாயங்காலம் கூட்டம் நெரியும், அதற்குள் வாங்கி முடித்துவிடலாம். தேதியையும் நேரத்தையும் நாளிதழில் ஒருமுறை பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

இந்தக் காட்சியை நடத்துவது பபாசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கம். 1977இல் அண்ணா சாலை மதரஸா பள்ளியில் சிறிய அளவில் ஆரம்பித்தது, இன்றைக்கு நூற்றுக்கணக்கான அரங்குகளாக வளர்ந்து நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் முதல் வரிசையிலிருந்து ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே போகலாம் என்றுதான் தோன்றும். அப்படிப் போனால் பாதியிலேயே கால் ஓய்ந்துவிடும். நுழைவாயிலில் இருக்கும் அரங்குப் பட்டியலில் உங்களுக்கு வேண்டிய பதிப்பகங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே அங்கே போங்கள், வேடிக்கை பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ரமணிசந்திரன் நாவல்களுக்கு அருணோதயம் என்ற பெயரைத் தேடுங்கள். மற்ற எழுத்தாளர்களுக்கு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் புத்தகத்தின் உள்பக்கத்தில் பதிப்பகத்தின் பெயர் இருக்கும், கிளம்பும் முன் அதை எழுதி எடுத்துப் போனால் அலைச்சல் மிச்சம்.

அந்த அரங்குகளில் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் கவனித்தாலே நம் கூட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். புத்தகங்களின் முதுகு மேலே தெரிகிற மாதிரி மேஜையில் நெருக்கி அடுக்கியிருப்பார்கள். ஓர் அம்மா அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவார், ஒன்றை உருவி முதல் பக்கத்தில் நாலு வரி படிப்பார், "இது படிச்சாச்சு" என்று திரும்பச் செருகுவார். பக்கத்தில் நிற்கும் பெண், முன்பின் தெரியாதவள், "அக்கா, இதுல ஹீரோ ரொம்பக் கோவக்காரனா?" என்று கேட்பாள். "ஆமாம்மா, ஆனா கடைசியில நல்லா இருக்கும், எடுத்துக்கோ" என்று பதில் வரும். காதல் நாவல் தனியாகப் படிக்கும் படிப்பு. அடுப்பில் குக்கர் விசில் வருவதற்குள் இரண்டு பக்கம், எல்லோரும் தூங்கிய பிறகு மீதி என்றுதான் நம்மில் பலருக்கும் அது வாய்த்திருக்கிறது. அதைச் சத்தமாகப் பேச இன்னொருத்தி கிடைப்பதற்காகவே இவ்வளவு தூரம் போகலாம் என்பேன்.

வாங்கும்போது ஒரு சிக்கல் வரும். இந்த நாவல்களின் தலைப்புகள் ஒன்றுபோலவே இருக்கும். நிலவு, நெஞ்சம், உயிர், மலர் ஆகிய நாலைந்து சொற்களே மாறிமாறி வரும். வீட்டில் இருக்கும் புத்தகங்களின் பட்டியலை ஒரு தாளிலோ போனிலோ வைத்துக்கொள்ளாவிட்டால், இருப்பதையே மறுபடி வாங்க நேரும். மாத நாவலாக வந்த கதை அப்புறம் கெட்டி அட்டையோடு தனிப் புத்தகமாகவும் வரும், இரண்டு கதைகளைச் சேர்த்து ஒரே புத்தகமாகவும் போடுவார்கள். ஆகவே அட்டையை மட்டும் நம்பாமல் உள்ளே முதல் பத்தியைப் படித்து, கதாநாயகியின் பெயரைப் பார்த்துவிடுங்கள். பத்து சதவீதக் கழிவு பொதுவாக எல்லா அரங்கிலும் உண்டு, பில் போடும்போது அதைக் கவனியுங்கள். கூட்ட நேரத்தில் போனில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதனால் கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும்.

இணையத்தில் எழுதுகிறவர்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குக் காட்சியில் இன்னொரு சந்தோஷமும் காத்திருக்கிறது. தினம் 'யூடி', அதாவது கதையின் அடுத்த பகுதி, எப்போது வரும் என்று காத்திருந்து படித்த கதையே அச்சில் வந்திருக்கும். பிரதிலிபி போன்ற தளங்களிலும் தனித் தளங்களிலும் எழுதும் பல பெண்கள், கதை முடிந்ததும் கிண்டிலிலும் புத்தகமாகவும் வெளியிடுகிறார்கள். பெரும்பாலும் இவை குறைந்த பிரதிகளே அச்சாகும். தீர்ந்துவிட்டால் மறுபதிப்பு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எனவே மனத்துக்குப் பிடித்ததை முதல் சுற்றிலேயே வாங்கிவிடுவது நல்லது.

எழுத்தாளர்கள் அரங்குக்கு வரும் நாளையும் நேரத்தையும் பல பதிப்பகங்கள் முன்கூட்டியே முகநூலில் சொல்லிவிடும். அந்த நாளில் போக முடிந்தால் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்து கேளுங்கள், தயக்கமே வேண்டாம். உங்கள் பெயரையும் ஊரையும் சொன்னால் அதையும் சேர்த்து எழுதித் தருவார்கள். 'உங்க கதை எல்லாமே நல்லா இருக்கும்' என்பதை எழுதுகிறவர் ஆயிரம் முறை கேட்டிருப்பார். எந்த நாவலில், எந்த இடத்தில், யார் பேசியது உங்களை உலுக்கியது என்று சொல்லுங்கள். ஏதாவது கதையில் நாயகன் அடித்ததை நாயகி மன்னித்தது உறுத்தியிருந்தால் அதையும் மரியாதையாகச் சொல்லலாம். இத்தனை வருஷம் படித்தவருக்கு அந்த உரிமை உண்டு.

சென்னை வரை போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2022 முதல் தமிழக அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்தத் தொடங்கியது. செங்கல்பட்டிலும் நடந்திருக்கிறது. அங்கே அரங்குகள் குறைவு, காதல் நாவல்கள் இன்னும் குறைவாகவே கண்ணில் படும். மேஜையில் இல்லையென்றால் எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் மறுநாள் கொண்டுவந்து வைக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்.